வன்னி வீதிகளில் கல்லை விட்டுத் தார் கழல்வது ஏன்?

ஒட்டுசுட்டான் கிழக்கு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மாங்குளம் – முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே பிரிந்து, ஒரு குளக்கட்டின் கீழ்ப்புறமாக வயல்களுக்கு நடுவே செல்லும் காபெட் (கல்லையும் தாரையும் சூடாகக் கலந்து விரித்து உருட்டிய) வீதியொன்றைக் குடிநீர்க் குழாய் பதிப்பதற்காக வெட்டியபோது நானும் அங்கு நின்றேன். வீதி இடப்பட்டு நெடுங்காலம் ஆகவில்லை. மேலே பார்த்தால் கறுப்பு மாறாமல் இருந்தது. சில இடங்களில் தார் ஊறி மேலே வந்தாற்போல மினுங்கும் திட்டுகளும் காணப்பட்டன. ஆனால் வெட்டியெடுத்த துண்டின் அடிப்பாகத்தைக் கையால் நெரித்தபோது அது உதிர்ந்துவிட்டது. கற்கள் தாரின் சுவடே இல்லாமல் தம் சொந்த நிறத்தில் தெரிந்தன.

ஊரில் எல்லோரும் சொல்வது, தாரைக் குறைத்துப் போட்டுவிட்டார்கள் என்பதே. வேலை நடந்த காலத்துப் பரிசோதனை அறிக்கையைத் தேடிப் பார்த்ததில், கலவையில் இருந்த தாரின் விகிதம் குறிப்பிட்ட எல்லைக்குள்தான் இருந்திருக்கிறது. அப்படியானால் இது மழை செய்த வேலையா, கல்லின் குற்றமா, உருட்டிய விதத்தின் பிழையா? விடயம் தெரிந்தவர்கள் விளக்கினால், அடுத்த வீதிக்கான கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்விகளையாவது ஒழுங்காகக் கேட்கலாம்.

கனகராயன் எழுதியது:

தம்பி, நீங்கள் கண்ட இரண்டு அடையாளங்களையும் சேர்த்துப் பார்த்தால் விடையின் பாதி அங்கேயே இருக்கிறது. தார் குறைந்த படை வரண்டுபோய், மேலிருந்து கல் கல்லாகக் கழன்று போகும். அதில் கொழுத்த திட்டுகள் தோன்றுவதில்லை. அடியில் கல் வெறுமையாகவும் மேலே தார் மிகுந்தும் இருந்தால், அடியில் கழன்ற தார் சக்கரங்களின் அழுத்தத்தால் மேல்நோக்கி நகர்ந்திருக்கிறது. கழலுதல் பெரும்பாலும் அடியிலிருந்தே தொடங்குவதால், மேற்பரப்பைப் பார்த்து வீதி நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்பவர்கள் குழி விழும் நாள் வரை அதை அறிவதில்லை.

ஈரம் இந்தப் படையை இரண்டு வழிகளில் பலவீனப்படுத்துகிறது. ஒன்று, கல்லுக்கும் தாருக்கும் இடையே உள்ள ஒட்டுதலை நீர் பிரித்துவிடுவது. மற்றது, நுண்தூளும் தாரும் சேர்ந்த பசைக்குள்ளேயே ஈரம் ஊடுருவி அதன் பிணைவை இளக்கி, படை முழுவதையும் மென்மையாக்குவது. இரண்டாவது வகை இழப்பில் பெரும்பகுதி, படை உலர்ந்தால் மீண்டுவிடும். முதலாவது அப்படியன்று, கல்லை விட்டு நீங்கிய தார் தானாகத் திரும்பிப் போய் ஒட்டிக்கொள்ளாது.

கல்லின் பங்கு இங்கே பெரியது. நமது பகுதியின் அடித்தளம் புவிச்சரிதவியலாளர்கள் வன்னித் தொகுதி என்றே பெயரிட்டழைக்கும் பழம்பெரும் உருமாறிய பாறைகளால் ஆனது. நைஸ், கருங்கல் வகைகள் நிறைந்த அந்தப் பாறைகளில் சிலிக்காவும் பெல்ஸ்பாரும் மிகுதி. இவ்வகைக் கல் உறுதியில் குறைந்ததல்ல. ஆனால் அதன் முகம் தாரை விட நீரையே விரும்புகிறது. தாரிலுள்ள காபொட்சிலிக் அமிலங்கள் கல்லின் முகத்திலுள்ள சோடியத்தோடும் பொற்றாசியத்தோடும் சேர்ந்து உண்டாக்கும் உப்புகள் நீரில் கரையக்கூடியவை. சுண்ணாம்புக்கல்லில் அதே அமிலங்கள் கல்சியத்தோடு சேர்ந்து உண்டாக்கும் உப்பு நீரில் எளிதில் கரையாது. எனவே வரண்ட நாளில் இரண்டு கல்லிலும் தார் ஒரே மாதிரி ஒட்டியிருப்பது போலத் தெரிந்தாலும், மாரி முடியும்போது வேறுபாடு வெளிப்பட்டுவிடும்.

ஆனாலும் கல்லை மட்டும் குற்றம் சொல்ல நான் ஆயத்தமில்லை. இதே கல்லில் இட்ட வீதிகள் பல வருடம் நிற்கின்றன. நீர் உள்ளே போவதற்கு வழி இருந்தால்தான் கல்லின் குணம் வெளியே வரும். அந்த வழி படைக்குள் இருக்கும் காற்று வெற்றிடம். வெற்றிடம் ஏறக்குறைய 8 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது துளைகள் ஒன்றோடொன்று தொடுப்பில்லாமல் தனித்தனியே கிடக்கும். நீர் உள்ளே போவது கடினம். 15 சதவீதத்துக்கு மேலே போனால் நீர் தங்காமல் வடிந்துவிடும். இடைப்பட்ட 8 முதல் 15 வரையான பகுதியே மிக மோசமானது. நீர் உள்ளே போகும், ஆனால் வெளியே வராது. 1990களின் முதற்பாதியில் அமெரிக்க நெடுஞ்சாலை ஆய்வுத் திட்டத்தில் டெரல், அல்-சுவைல்மி ஆகிய இருவரும் இதைத் தெளிவாக எடுத்துக் காட்டினார்கள்.

இப்போது நம் வீதிக்குக் கணக்குப் பாருங்கள். ஆய்வுகூடத்தில் மார்ஷல் முறையில் (அச்சில் இட்டுச் சம்மட்டியால் அடித்து) இறுக்கிய மாதிரியில் வெற்றிடம் 4 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வீதியில் அந்த அடர்த்தியின் 97 சதவீதத்தை எட்டினால் வெற்றிடம் ஏறத்தாழ 7 சதவீதம், ஆபத்தில்லை. கலவை தூரத்திலிருந்து டிப்பரில் ஆறி வந்து, உருளை பிந்தி ஓடி, 93 சதவீதத்தோடு நின்றுவிட்டால் வெற்றிடம் 10.7 சதவீதம். தாரின் அளவும் கல்லின் அளவும் அறிக்கையில் சரியாகவே இருக்கும், வீதி மட்டும் மோசமான பகுதிக்குள் விழுந்துவிடும். உங்கள் கையிலுள்ள அறிக்கையில் தாரின் விகிதத்தை அல்ல, துளைமாதிரிகளின், அதாவது வீதியைத் துளைத்தெடுத்த துண்டுகளின், அடர்த்தியைத் தேடுங்கள்.

விசுவமடு வயற்காரன் எழுதியது:

ஐயா சொல்வது ஆய்வுகூடக் கதை என்று தள்ளிவிடவில்லை. ஆனால் வயலில் நிற்பவன் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுண்டு. 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்தபோது, எத்தனையோ வீதிகள் நீரில் மூழ்கின. பாய்ந்த நீர் மதகடிகளை அரித்தது, ஓரங்களைப் பெயர்த்தது. ஆனால் நீங்கள் கேட்கும் வகையில் உள்ளே உக்கிப்போன வீதிகள், நான் பார்த்த அளவில், வெள்ளம் பாய்ந்தவை அல்ல. காலபோக வேளாண்மைக்காக இரு புறமும் வரம்பு கட்டி, கார்த்திகையிலிருந்து மாசி வரை நீர் அசையாமல் வீதியின் தோள் மட்டத்தில் நிற்கும் இடங்கள் அவை. குளத்தின் கீழ் என்றால் சிறுபோகத்துக்கும் நீர் வரும். அந்த வீதிக்கு வரண்ட காலம் என்று ஒன்றே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீதியோரத்துக் கானை மண் போட்டு மூடி வயலோடு சேர்த்துக்கொண்டவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அதைக் கேட்கப் போனால் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் சண்டைதான் வரும். ஒப்பந்தகாரரை மட்டும் திட்டினால் போதாது.

கனகராயன் எழுதியது:

வயற்காரர் சொன்னது முற்றிலும் சரி. நான் விட்டுவிட்ட பாதியும் அதுதான். மேலிருந்து விழும் மழையை விட, அடியிலிருந்தும் ஓரத்திலிருந்தும் ஏறும் ஈரமே குளக்கட்டு வீதிகளில் கூடுதல் சேதம் செய்கிறது. களி மண்ணின் நுண்துளைகள் வழியாக நீர் மேலேறும். இரவில் மேற்படை குளிரும்போது கீழிருந்து எழும் ஆவி அதன் அடிப்பக்கத்தில் நீராகப் படியும். கழலுதல் அடியிலிருந்து தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அத்தோடு, ஈரம் ஊறிய அடிமண்ணும் கிரவல் படையும் தாங்குதிறனை இழக்கும்போது மேலுள்ள காபெட் கூடுதலாக வளைகிறது. வளைந்தால் மெல்லிய வெடிப்பு, வெடித்தால் மேலும் நீர். மணல் ஏற்றிய டிப்பரின் சக்கரம் ஈரமான படையின் மீது ஏறும்போது முன்புறத்தில் நீரை உள்ளே அமுக்குகிறது, பின்புறத்தில் உறிஞ்சி இழுக்கிறது. கொல்லனின் துருத்தி போல இது ஒவ்வொரு அச்சுக்கும் நடக்கிறது. அந்த அழுத்தமே தார்ப்படலத்தைக் கல்லிலிருந்து உரித்து, நுண்தூளை வெடிப்பின் வழியே வெளியே தள்ளுகிறது. மழை விட்ட மறுநாள் வெடிப்பின் ஓரத்தில் வெள்ளையாகப் படிந்த தூளைக் கண்டால், உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். முருங்கன் பக்கத்துக் கருங்களியில் மண்ணே ஊதிச் சுருங்கும் என்பதால் கதை வேறு; அதை இங்கே கலக்க வேண்டாம்.

அறிவியல்நகர் மாணவி எழுதியது:

வணக்கம். ஈரத்தால் ஏற்படும் வலிமை இழப்பை அளப்பதற்கென்றே ஒரு சோதனை இருப்பதால், அதைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்க நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கத்தின் ஆஷ்டோ டி 283 என்ற முறையில் கலவையை உருளை வடிவ மாதிரிகளாக, ஏறத்தாழ 7 சதவீத வெற்றிடம் இருக்கும்படி வேண்டுமென்றே சற்றுத் தளர்வாக இறுக்குகிறார்கள். ஒரு பகுதி மாதிரிகளை உலர்வாக வைத்துக்கொண்டு, மற்றப் பகுதியின் வெற்றிடத்தில் 70 முதல் 80 சதவீதம் வரை நீரால் நிரப்பி, உறைநிலையில் ஒரு சுற்று வைத்து, பின்னர் 60 பாகை செல்சியஸ் நீரில் 24 மணித்தியாலம் அமிழ்த்துகிறார்கள். அதன்பின் இரு பகுதிகளையும் 25 பாகைக்குக் கொண்டுவந்து, உருளையைப் படுக்கவைத்து விட்டத்தின் வழியே அமுக்கிப் பிளக்கிறார்கள். ஈரமான மாதிரியின் இழுவிசை வலிமையை உலர் மாதிரியின் வலிமையால் வகுத்தால் வரும் விகிதம் 0.80க்குக் குறையக்கூடாது என்பது பரவலாகக் கைக்கொள்ளப்படும் எல்லை.

வன்னியில் எதற்கு உறையவைக்க வேண்டும் என்று வகுப்பில் சிரித்தவர்கள் உண்டு. எமது வீதி உறைவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அங்கே நோக்கம் குளிர்காலத்தைக் காட்டுவது மட்டுமல்ல. உறையும் நீர் விரிந்து துளைகளின் சுவரைத் தள்ளுவதால், பல வருடத்து நீரழுத்தம் செய்யும் சேதத்தை விரைவாக உண்டாக்கிப் பார்க்கலாம். 60 பாகை நீர் நமக்கு அந்நியமானதும் அல்ல. வெயில் காலத்து நண்பகலில் கறுத்த காபெட்டின் மேற்பரப்பு அந்த வெப்பத்தை நெருங்கும்.

எனவே ஒப்பந்த ஆவணத்தில் இந்த விகிதம் 0.80 என்று எழுதி, அதை எட்டாத கலவையை ஏற்காமல் விட்டாலே பிரச்சினையின் பெரும்பகுதி தீர்ந்துவிடாதா?

கனகராயன் எழுதியது:

பிள்ளை, சோதனையை ஒழுங்காக விளக்கினீர்கள். முடிவோடு மட்டும் நான் முரண்படுகிறேன். விகிதம் என்பது இரண்டு எண்களின் உறவு. அது வலிமையைச் சொல்வதில்லை. எடுத்துக்காட்டாக ஒரு கலவையின் உலர் வலிமை 1,000 கிலோபாஸ்கல், ஈர வலிமை 780 என்று வைத்துக்கொள்ளுங்கள், விகிதம் 0.78, கலவை தோற்றது. இன்னொன்றின் உலர் வலிமை 500, ஈர வலிமை 430, விகிதம் 0.86, கலவை வென்றது. மாரியில் எந்த வீதியில் டிப்பர் ஓடுவதை விரும்புவீர்கள்? ஒட்டுதலுக்காகத் தாரோடு சேர்க்கும் பொருட்களுள் (சேர்மங்களுள்) தாரை இளக்கும் சில, உலர் வலிமையைக் கீழே இறக்கி, அதன் மூலமே விகிதத்தை மேலே தூக்கிவிடுகின்றன. ஆகவே விகிதத்தோடு, ஈர வலிமைக்கென்று தனியே ஒரு கீழெல்லையும் எழுதப்பட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பவன்.

இரண்டாவது தடை, நீங்கள் சொன்ன 7 சதவீதம். ஆய்வுகூடத்தில் 7 சதவீத வெற்றிடத்தில் வென்ற கலவையைப் பற்றி, வீதியில் 10.7 சதவீதத்தோடு கிடக்கும்போது அந்த அறிக்கை எதுவும் சொல்லாது. சோதனை கலவையைத்தான் சோதிக்கிறது, உருளையோட்டியை அல்ல. நீரில் அமிழ்ந்த மாதிரியின் மீது சக்கரத்தை 20,000 தடவை வரை ஓடவிடும் ஹம்பேர்க் சோதனை, தடம் திடீரென ஆழமாகத் தொடங்கும் புள்ளியைக் காட்டுவதால் உண்மைக்குக் கொஞ்சம் நெருக்கமானது. அந்த இயந்திரம் எல்லா இடத்திலும் கிடைக்காது என்பதால் அதை வற்புறுத்தவில்லை.

அறிவியல்நகர் மாணவி எழுதியது:

ஈர வலிமைக்குத் தனி எல்லை வேண்டும் என்பதை ஏற்கிறேன், ஐயா. ஆனால் விகிதம் பயனற்றது என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. ஒரே கல்லையும் ஒரே தாரையும் வைத்துக்கொண்டு, சுண்ணாம்பு சேர்த்தும் சேர்க்காமலும் ஒப்பிடும்போது அதைப் போலத் தெளிவாகப் பேசும் எண் வேறில்லை.

குவாரிக்காரன் எழுதியது:

கல்லைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டீர்கள், கல்லுடைக்கும் ஆலையில் இருப்பவன் ஒரு வார்த்தை சொல்லலாம்தானே. நம் கல்லின் இரசாயனத்தை யாராலும் மாற்ற முடியாது. ஆனால் கல்லின் மேல் ஒட்டியிருக்கும் தூசியை மாற்றலாம். குவாரியின் மேல்மண்ணை ஒழுங்காக அகற்றாமல் வெடி வைத்தால், செம்மண்ணும் களியும் கல்லோடு சேர்ந்து அரைபடும். அந்தக் களி கல்லின் மேல் மெல்லிய தோலாகப் படிந்துவிட்டால், தார் ஒட்டுவது கல்லில் அல்ல, களியில்தான். நீர் பட்டதும் களி இளகும், தார் தோலோடு கழன்று வரும். சுண்ணாம்பு வாங்கும் காசுக்கு முன்னர் கல்லைக் கழுவும் காசைக் கணக்கில் எடுங்கள்.

மழைக் காலத்தில் குவியலாகக் கிடக்கும் கல், குறிப்பாகப் பொடிக்கல், வெளியே காய்ந்தாற்போல இருந்தாலும் உள்ளே ஈரமாகவே இருக்கும். கலவை ஆலையின் உலர்த்திக்குள் அதை அவசரமாகத் தள்ளினால், மேற்பரப்பு மட்டும் காய்ந்து துளைக்குள் நீர் தங்கிவிடும். சூடான தார் பூசிய பின் அந்த நீர் ஆவியாகி வெளியே வரப் பார்க்கும். படலத்தை உள்ளிருந்தே துளைத்துவிட்ட கல்லை எந்த உருளையாலும் சரிசெய்ய இயலாது. பொடிக்கல்லுக்குக் கூரை போடுவது பெரிய செலவில்லை, எரிபொருளும் மிஞ்சும். இதைச் சொன்னால் கேட்பவர்கள் குறைவு.

ஒட்டுசுட்டான் கிழக்கு எழுதியது:

அடர்த்தி அறிக்கையைத் தேடினேன். அந்தத் தாள் கோப்பில் இல்லை. அது எங்கே போனது என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதை இங்கே நீட்ட விரும்பவில்லை.

சுண்ணாம்பு பற்றிக் கேட்கிறேன். யாழ்ப்பாணப் பக்கம் சுண்ணாம்புக்கல்லே இருக்கும்போது, கல்லையே மாற்றிவிட்டால் என்ன? இல்லையென்றால் சுண்ணாம்பா, கடையில் திரவமாக விற்கும் சேர்மமா, எது நல்லது?

கனகராயன் எழுதியது:

தம்பி, கல்லை மாற்றுவது எளிதாகத் தோன்றும் வழி, ஆனால் நல்ல வழி அன்று. குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்தது. துளை நிறைந்தது, தாரை உறிஞ்சும், சக்கரம் பட்டால் நைஸை விட விரைவாகத் தேய்ந்து வழுக்கும். அத்துடன் அந்த மண்ணின் நிலத்தடி நீரே அந்தக் கல்லுக்குள்தான் இருக்கிறது. நமது கல்லையே வைத்துக்கொண்டு அதன் முகத்தை மாற்றுவதே முறை.

அதற்கு நீற்றிய சுண்ணாம்பை, கல்லின் நிறையில் 1 முதல் 2 சதவீதம் வரை சேர்ப்பது நெடுங்காலம் சோதிக்கப்பட்ட வழி. சுண்ணாம்பின் கல்சியம் தாரின் அமிலங்களோடு முந்திக்கொண்டு சேர்ந்துவிடுவதால், நீரில் கரையும் உப்புகள் உண்டாக இடமில்லாமல் போகிறது. தார் முதுமையடைவதையும் அது மந்தப்படுத்தும். ஈரமாக்கிய கல்லின் மேல் தூவிக் கலந்தால் பலன் கூடும்; ஆனால் அந்த ஈரத்தை மறுபடி முற்றாக உலர்த்த வேண்டும் என்பதால் குவாரிக்காரர் சொன்ன உலர்த்திப் பிரச்சினை இங்கே இரட்டிப்பாகும். வெறும் சுண்ணாம்புக்கல் தூளை நிரப்புத்தூளாக இட்டுவிட்டுச் சுண்ணாம்பு சேர்த்தோம் என்று எழுதுபவர்களும் உண்டு. இரண்டும் ஒன்றல்ல, நீற்றிய சுண்ணாம்பு செய்யும் அளவுக்குத் தூள் செய்யாது.

திரவச் சேர்மங்கள் பெரும்பாலும் அமைன் (நைதரசன் அடங்கிய இரசாயனம்) வகை. தாரின் நிறையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே போதும், ஆலையில் புதிய இயந்திரம் தேவையில்லை. குறை என்னவென்றால், அவற்றுள் சில, சூடான தாங்கியில் நாட்கணக்கில் கிடந்தால் வீரியம் இழந்துவிடும். ஒரு கல்லுக்கு நன்றாக வேலை செய்வது இன்னொரு கல்லுக்குச் செய்யாமலும் விடும். தாங்கியை அன்றாடம் காலி செய்யும் பெரிய ஆலைக்கு அமைன் பொருந்தும். வேலை விட்டு விட்டு நடக்கும் நமது சிறிய வேலைகளுக்கு நான் சுண்ணாம்பையே தெரிவு செய்வேன்.

அறிவியல்நகர் மாணவி எழுதியது:

ஐயா, இன்றைய அமைன்களில் வெப்பத்தைத் தாங்குபவையும் வருகின்றன. சுண்ணாம்பு சேர்க்கத் தேவையான ஒழுங்கு இல்லாத ஆலையில் அதைக் கட்டாயப்படுத்தினால், தூள் பாதி காற்றில் பறந்து, வேலையாட்களின் கண்ணிலும் மூச்சிலும் போய்ச் சேரும். ஆலையைப் பார்த்து முடிவு செய்வதே சரி.

கனகராயன் எழுதியது:

அந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறேன்.

ஒட்டுசுட்டான் கிழக்கு எழுதியது:

பிரதேச சபையின் சிறிய வேலைக்கு ஆஷ்டோ சோதனை எல்லாம் செய்விக்கக் காசு கிடையாது. களத்தில் செய்யக்கூடியது ஏதாவது உண்டா? மற்றது, இந்த வருட மாரிக்கு முன்னர் அந்த வீதியின் மேல் மெல்லிய மணற்சீல் (தார் தெளித்து மணல் தூவிய படை) ஒன்றைப் போட்டு மூடிவிடலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது.

அறிவியல்நகர் மாணவி எழுதியது:

முதற்கேள்விக்கு நான் சொல்கிறேன். கொதிநீர்ச் சோதனை போதும். இன்னும் இறுக்காத கலவையில் கைப்பிடிகள் சிலவற்றைக் கொதிக்கும் நீரில் இட்டு 10 நிமிடம் கொதிக்க விட்டு, மிதக்கும் தாரை அகற்றி, நீரை வடித்து, வெள்ளைத் தாளில் பரப்பிப் பாருங்கள். கல்லின் பரப்பில் தார் மூடியிருக்கும் பங்கு 95 சதவீதத்துக்கும் குறைந்திருந்தால், அந்தக் கலவையை மேலும் சோதிக்காமல் இடக்கூடாது. பெரிய கல்லை விடப் பொடிக்கல்லை உற்றுப் பாருங்கள். இது ஒட்டுதலை மட்டுமே காட்டும், வெற்றிடத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. அதற்கு ஐயா சொன்ன துளைமாதிரியே வேண்டும்.

கனகராயன் எழுதியது:

மணற்சீல் யோசனையைத் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். அடியில் ஏற்கனவே நீர் இருக்கிறது. மேலே மூடினால் வெயில் காலத்தில் ஆவியாகி வெளியேறக் கிடைத்த ஒரே வழியும் அடைபடும். இரண்டு இறுக்கமான படைகளுக்கு நடுவே ஈரம் சிறைப்பட்டால் கழலுதல் விரைவுபடும். கழன்ற படைக்கு மேல் புதிய காபெட் இட்டாலும் அதே கதைதான். உதிரும் பகுதியை முழு ஆழத்துக்கும் வெட்டி அகற்ற வேண்டும்.

அதற்கும் முன்னர் கான். வயற்காரரின் அமைப்போடு பேசி, வீதியோரத்து நீர்மட்டம் அடிமண்ணுக்குக் கீழே இருக்கும்படி கானைத் தோண்டுங்கள். தோளைச் சரிவாக்கி, வாய்க்கால் வீதியைக் கடக்கும் இடங்களில் மதகின் ஒழுக்குகளைப் பாருங்கள். சிறுபோக நீர் நிறுத்தப்பட்ட பின், ஆவணி புரட்டாதியில் வெட்டித் திருத்தினால் அடித்தளம் காய்ந்திருக்கும்.

விசுவமடு வயற்காரன் எழுதியது:

கானைத் திறப்பதற்குப் பிரதேச செயலகத்தின் கடிதத்தோடு வாருங்கள். வெறுங்கையோடு வந்தால் வரம்புக்காரர்கள் மண்வெட்டியைத் தரமாட்டார்கள். அறுவடை முடிந்து அடுத்த விதைப்புக்கு முன் வந்தால், நானும் கூட நின்று பேசுகிறேன்.

குவாரிக்காரன் எழுதியது:

துளைமாதிரி எடுப்பதானால் நடுவில் மட்டும் எடுக்க விடாதீர்கள். பேவர் (கலவையை விரிக்கும் இயந்திரம்) விரித்த ஓரத்திலும், இரண்டு விரிப்புகள் சேரும் மூட்டிலும் எடுக்கச் சொல்லுங்கள். இறுக்கம் குறைவது பெரும்பாலும் அங்கேதான். எடுத்த குழிகளை அன்றைக்கே சூடான கலவையால் நிரப்பி இடித்து மூடவும் வேண்டும்.